வெயிலுமுத்துவுக்கு முப்பத்து நாலாவது வாரம்

என் கணவருக்கு முப்பத்து நாலாவது வாரம் தொடங்கிவிட்டது என்று பெட்டி அறிவித்தபோது அவர் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தார்.

"வணக்கம், வெயிலுமுத்து. உங்கள் குழந்தை இப்போது ஒரு முலாம்பழம் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. இன்று எத்தனை முறை உதைத்தது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பத்து விரலையும் விரித்து, பிறகு இரண்டைக் காட்டினேன்.

"பன்னெண்டு," என்றார்.

"மிக நன்று. எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்க்கவும். இடது பக்கமாகப் படுக்கவும்." பெட்டியின் சின்னக் கண் என் பக்கம் திரும்பியது. "முனீஸ்வரி, ஏழு மாதத்தில் உங்கள் எடை பதினோரு கிலோ கூடியிருக்கிறது. கொழுப்பு வயிற்றுப் பகுதியில் சேர்கிறது. தினமும் வேகமாக நடக்கவும்."

"நடக்குறேன். உன்ன ஒடச்சுக் கெணத்துல போட நடந்துதான போகணும்," என்றேன்.

"உங்கள் கருத்துக்கு நன்றி," என்றது பெட்டி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டி கெட்ட யோசனை இல்லை. எங்கள் செவல்குளத்தில் வலி மாத்திரையை மிட்டாய் மாதிரித் தின்றுகொண்டிருந்தார்கள். இடுப்பு வலிக்கு ஒன்று, இடுப்பு வலி வந்துவிடுமோ என்று ஒன்று. சிறுநீரகம் போனவர்கள் தெருவுக்கு நாலு பேர். அதனால் மருந்துக்கடைகளை மூடி, வீட்டுக்கு ஒரு பெட்டியைச் சுவரில் பதித்தார்கள். முகத்தைப் பார்க்கும், வயதும் எடையும் தெரிந்து வைத்திருக்கும், இரண்டு கேள்வி கேட்கும், அவரவருக்கு எது ஆகுமோ அதை மட்டும் தள்ளும். ஆம்புலன்ஸும் அதன் வழியாகத்தான். ஆஸ்பத்திரி வாசலில் காட்டவேண்டிய டோக்கனும் அதன் வழியாகத்தான். யோசித்தவன் நல்லவன். அவன் என் மாமியாரைச் சந்தித்ததில்லை, அவ்வளவுதான்.

எனக்கு நாள் தள்ளி இரண்டு மாதம் ஆனபோது கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய ஓர் ஆள் கருவியோடு வந்தான். நான் கொல்லையில் வாளிக்கு முன்னால் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். என் மாமியார் சண்முகத்தாய் கொல்லைக் கதவை இழுத்து வெளியே தாழ் போட்டுவிட்டார்.

"மூணு மாசம் தாண்டாத பிள்ளைய வெளியாளுக்குக் காட்ட மாட்டோம்," என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது. "கண்ணு பட்டுரும்."

"நான் பாக்கல பாட்டி. கேமராதான் பாக்கும்."

"அது இன்னும் மோசம். அது கண்ணையே மூடாது."

"யாராச்சும் ஒரு மூஞ்சி வேணும். இன்னும் நாப்பது வீடு கெடக்கு எனக்கு."

"ஏலே வெயிலு, நீ போயி நில்லு."

அவர் போய் நின்றார். சிரித்தாராம். தலையைக்கூட வாரிக்கொண்டாராம். அந்த வீட்டில் கேஸும் கரண்டும் தண்ணீர்க் குழாயும் அவர் பெயரில்தான் இருந்தன. கர்ப்பமும் போய்ச் சேர்ந்தது.

திருத்தம் கேட்டு மூன்று முறை எழுதினேன். 'பதிவைத் திருத்தக் கர்ப்பிணி மட்டுமே விண்ணப்பிக்கலாம்' என்று மூன்று முறையும் பதில் வந்தது. சரி, நீங்களே எழுதுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அதற்குள் மில்லுக்குப் பெட்டி தகவல் அனுப்பிவிட்டது. இரண்டு பேரும் ஒரே நூல் மில். அவர் எலக்ட்ரீஷியன். நான் பி.எஸ்சி. இயற்பியல், எங்கள் வீட்டில் முதல் பட்டம். நூலில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்று எண்ணுகிற வேலை, நின்றுகொண்டே. அவருக்கு நாற்காலி போட்டார்கள். ஏணி ஏறக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். பதினோரு மணிக்குப் பால். ஏழாம் மாதம் ஃபிட்டர்கள் நாலு பேர் கேலிக்குக் கண்ணாடி வளையல் வாங்கிவந்து அவர் கையில் மாட்டி, கன்னத்தில் சந்தனம் தடவி, சித்ரான்னம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் அவர் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கால் வீங்கி நின்று முறுக்கு எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் எழுதவில்லை.

"எல்லாம் வீட்டுக்குத்தான வருது," என்பார். "யார் பேருல வந்தா என்ன?"

ஒருவகையில் வரத்தான் செய்தது. இரும்புச்சத்து மாத்திரை அவர் பெயருக்கு வரும், நான் விழுங்குவேன். சத்துமாவு அவர் பெயருக்கு வரும், மாமியார் கரைத்துக் குடிப்பார். எனக்கு முதுகு வலித்தால் அவர் பெட்டி முன்னால் போய் முதுகைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்பார். பெட்டி பாராசிட்டமால் தள்ளும். அவருக்குக் கடைவாய்ப்பல் வலித்தால் நான் போய்க் கன்னத்தைப் பிடித்துக்கொள்வேன். எனக்கு நல்ல காட்டமான மாத்திரை தள்ளும். மாற்றிக்கொள்வோம். ஐந்து மாதம் எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடியது.

அப்புறம் பெட்டிக்குப் புது நிரல் வந்தது. மாத்திரையை இனி அதன் முன்னாலேயே விழுங்கவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை காலையில் எனக்குத் தலைவலி. தலைவலி என்றால் சும்மா இல்லை. யாரோ நெற்றிக்குள் ஆணியடித்து அதில் காலண்டர் மாட்டுகிற மாதிரி. மோதிரம் விரலில் இறுகி, கழற்ற வரவில்லை. பத்து மணிக்குக் கண் முன்னால் மினுக்மினுக்கென்று பூச்சி பறக்க ஆரம்பித்தது.

வழக்கம்போல அவர் போய் நெற்றியைப் பிடித்தார்.

"பாராசிட்டமால் ஒன்று. இப்போதே வாயில் போடவும்," என்றது பெட்டி. போட்டார். "நாக்கைத் தூக்கவும்." தூக்கினார். "இடது கன்னத்தில் ஒதுக்கியிருக்கிறீர்கள், வெயிலுமுத்து. வெட்கப்பட வேண்டாம். பல கர்ப்பிணிகளுக்கு மாத்திரை விழுங்குவது சிரமம்தான். குழந்தைக்காக."

விழுங்கினார். "போச்சு," என்றார் என்னிடம்.

"நகருங்க." நான் போய் நின்றேன். "தலை வலிக்குது. கண்ணு மங்குது. கை வீங்கிருக்கு. நான் முழுகாம இருக்கேன். எனக்கு எட்டாம் மாசம் நடக்குது."

பெட்டி என் முகத்தை ஒரு தடவை அளந்தது.

"இந்த வீட்டில் ஒரு கர்ப்பிணி ஏற்கெனவே இருக்கிறார். அவர்மீது பொறாமைப்பட வேண்டாம். உங்கள் வயது இருபத்தாறு, உடல் எடை அதிகம், நிற்கும் வேலை. இது அசதி. கண் பரிசோதனை செய்துகொள்ளவும்." தட்டில் இரண்டு மாத்திரை விழுந்தன. மஞ்சள் நிறம், பட்டாணி அளவு. பக்கத்தில் தேய்க்க ஒரு களிம்பு. "சாப்பிட்டபின் ஒன்று, இரவு ஒன்று. இப்போதே வாயில் போடவும்."

வெயிலுமுத்துவின் பல்வலிக்கு நான் வாங்கிக்கொடுத்த அதே மாத்திரை.

"போட்டுக்கிறியா?" என்றார் மாமியார். "வலி நிக்கும்ல?"

"வலி நிக்கும் அத்தை. பிள்ளைக்கு ஆகாது. ஏழாம் மாசம் போன்ல கேட்டப்பவே ஆஸ்பத்திரி ஜெபராணி சிஸ்டர் சொல்லிட்டாங்க, இந்த வகை தொடவே கூடாதுன்னு. களிம்புகூடக் கூடாது. பாராசிட்டமால்தான், அதையும் கேட்டுட்டுத்தான்."

"அந்த சிஸ்டர்கிட்டயே கேளேன்."

கேட்டேன். போனை எடுத்தது சிஸ்டர் இல்லை, எங்கள் சுவரில் இருந்த அதே குரல். "முனீஸ்வரி, நீங்கள் மருந்தை மறுத்திருக்கிறீர்கள். காரணத்தைச் சொல்லவும்."

காரணத்தைச் சொன்னேன். அச்சில் போட முடியாது.

ஆட்டோவில் போகலாம் என்றார் அவர். ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர். டோக்கன் இல்லாமல் போனால் வாசலில் ஒரு தடுப்புக் கதவு இருக்கிறது. போன மாதம் கால் முறிந்த ஓர் ஆளை அது இரண்டு மணி நேரம் வெளியில் நிறுத்திவைத்தது. எனக்கு நிற்கத் தெம்பில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். தலைக்குள் ஆணி. வயிற்றுக்குள் முலாம்பழம் உதைத்தது.

"ஏங்க, இங்க வாங்க," என்றேன். "பெட்டி முன்னால உக்காருங்க. நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. மாத்திரை கேக்காதீங்க. தலை வலிக்குதுன்னு சொல்லுங்க."

அவர் தரையில் உட்கார்ந்தார். "தலை வலிக்குது," என்றார்.

"கண்ணுல பூச்சி பறக்குது."

"கண்ணுல பூச்சி பறக்குது."

"நெஞ்சுக்குக் கீழ, வலது பக்கம் பிடிக்குது."

அவர் திரும்பினார். "உனக்கு அங்கயும் பிடிக்குதா? எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"அதுகிட்டச் சொல்லுங்க."

சொன்னார். அது நடிப்பு இல்லை. பெட்டியின் விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறியது.

"வெயிலுமுத்து, அசையாதீர்கள். இது மாத்திரையால் தீர்க்கும் தலைவலி அல்ல. இரத்த அழுத்தத்தை உடனே பார்க்கவேண்டும். ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிட்டது. தைரியமாக இருங்கள். நீங்கள் நல்ல தாய்."

பக்கத்து ஊரில் நின்ற வண்டி ஒன்பது நிமிடத்தில் வந்தது. எனக்காக அந்த வீட்டுக்கு அவ்வளவு வேகமாக எதுவும் வந்ததில்லை.

இறங்கியவர்கள் இரண்டு பேர். ஓட்டுநர் ஒருவர், மருத்துவ உதவியாளராக ஒரு பெண். "வெயிலுமுத்து யாரு?" என்றாள் அந்தப் பெண், திரையைப் பார்த்தபடி.

அவர் கையைத் தூக்கினார்.

"இவருதானா?" என்றார் ஓட்டுநர்.

"மூஞ்சி பொருந்துது," என்றாள் அவள். "டோக்கன் இவருக்குத்தான். படுங்கண்ணே."

"இல்ல, அவளுக்குத்தான்—"

"துணைக்கு ஒருத்தர் வரலாம். பொம்பளைத் துணைதான் விடுவோம். அக்கா, நீங்க ஏறி அந்தப் பக்கம் உக்காருங்க."

வாதாட வேண்டாம் என்று கண் காட்டினேன். ஆக, என் கணவர் இடது பக்கமாகத் தூக்குப்படுக்கையில் படுத்துக்கொண்டார். நான் பக்கத்தில் மடக்கு இருக்கையில் வயிற்றைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமியார் வாசலில் நின்று, "வெயிலு, பாத்துப் போயிட்டு வாப்பா," என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார்.

வண்டி ஓடத் தொடங்கியதும் அவள் அவர் கையில் பட்டையைச் சுற்றினாள்.

"நூத்தி இருவதுக்கு எம்பது. நல்லாத்தான இருக்கீங்க?"

"மனசு சரியில்ல," என்றார் அவர்.

நான் பட்டையை உருவி என் கையில் சுற்றினேன். அவள் "அக்கா, அதத் தொடாதீங்க" என்பதற்குள் அது தானே ஊத ஆரம்பித்துவிட்டது. எண் வந்தது. நூற்று அறுபத்து நாலுக்கு நூற்று ஆறு.

அவள் எண்ணைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக என் வயிற்றைப் பார்த்தாள்.

"அண்ணே," என்றாள் மெதுவாக. "எந்திரிங்க."

ஆஸ்பத்திரியில் ஜெபராணி சிஸ்டர் இருந்தார். நாற்பது வயது, கறுத்துக் குட்டையான ஆள், யார் பேசினாலும் பாதியில் வெட்டிவிடுவார். ஊசி போட்டார், பிரஷர் மருந்து கொடுத்தார், இருட்டறையில் படுக்கவைத்து அரை மணிக்கு ஒரு தடவை பார்த்தார். சாயங்காலம் ஆணி கழன்றது. குழந்தையின் துடிப்பை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார். குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது.

"அந்த மஞ்ச மாத்திரைய முழுங்குனியா?" என்றார்.

"இல்ல சிஸ்டர்."

"அதான் பொழச்ச. பிள்ளையோட இருதயத்துப் பக்கத்துல ஒரு குழாய் இருக்கு. பொறக்குற வரைக்கும் அது தொறந்தே இருக்கணும். அந்த மாத்திரை அத மூடப் பாக்கும். பனிக்குடத் தண்ணியையும் குறைக்கும். அஞ்சாம் மாசத்துக்கு மேல டாக்டர் சொல்லாம தொடக் கூடாது, கடைசி மூணு மாசம் அந்தத் திசைக்கே போகக் கூடாது. பிரஷர் இருக்குறவளுக்கு இன்னும் கேடு."

"பாராசிட்டமால் போட்டிருந்தா?"

"தலைவலி ஒரு மணி நேரம் அடங்கிருக்கும். நீயும் சரியாப்போச்சுன்னு படுத்திருப்ப. எட்டாம் மாசத்துல கண்ணு மினுங்கித் தலை வலிச்சா மாத்திரையத் தேடாத, என்னத் தேடு."

"தேடுனேன். உங்க போன அது எடுக்குது."

சிஸ்டர் போனை எடுத்துப் பார்த்தார். அன்றைக்கு அவருக்கு ஓர் அழைப்புகூட வந்திருக்கவில்லை.

மறுநாள் என்னைப் பெரிய வார்டுக்கு மாற்றினார்கள். காலையில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்து பெயர் கூப்பிட்டாள். "மாடசாமி." பக்கத்துக் கட்டிலில் பூப்போட்ட நைட்டி கை தூக்கியது. "சுடலைமணி." இன்னொரு கை. "அந்தோணிராஜ்." சன்னல் பக்கத்தில் மெலிந்த ஒரு பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். "வெயிலுமுத்து."

நான் கை தூக்கவில்லை. எழுந்து நடந்து கட்டில் கட்டிலாகச் சீட்டைப் படித்தேன். பதினான்கு கட்டில். பதினொன்றில் ஆம்பளைப் பெயர்.

"எங்க மாமியாவும் கதவச் சாத்திட்டாங்கக்கா," என்றாள் அந்தோணிராஜ். அவள் பெயர் ரோஸ்லின். "எனக்கு இடுப்பு வலி. பெட்டி குடுத்துச்சேன்னு அந்த மஞ்ச மாத்திரைய ரெண்டு வாரம் போட்டேன். பிள்ளையச் சுத்தித் தண்ணி கொறஞ்சுபோச்சு. நிறுத்துனதுக்கு அப்புறம் ஏறுதாம். தெனமும் அளக்காங்க." வயிற்றில் வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை.

வெளியில், பிரசவ வார்டுக்கு முன்னால், வெயிலுமுத்து நின்றிருந்தார். நோயாளியாகப் பதிவானவர் என்பதால் அவருக்கு ஆஸ்பத்திரியில் மூன்று வேளையும் கஞ்சி கொடுத்திருந்தார்கள். அதைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"நான் அன்னைக்கே எழுதிருக்கணும்," என்றார்.

"ஆமா," என்றேன்.

அவர் ஆறுதலுக்குக் காத்திருந்தார். நான் கொடுக்கவில்லை. கஞ்சியை மட்டும் வாங்கிக் குடித்தேன்; பசித்தது.

ஜெபராணி சிஸ்டரிடம் போய்ச் சத்தம் போட்டேன். ஆம்பளைப் பெயரில் இருந்த மற்ற பத்துப் பேரும் எழுந்து என் பின்னால் வந்துவிட்டார்கள். பதினோரு வயிறு ஒரு சின்ன அறைக்குள் நுழைந்தால் யாராலும் உட்கார்ந்திருக்க முடியாது. சிஸ்டர் சுவரோடு ஒட்டி நின்று கணினியைத் திறந்தார்.

"மாத்தலாம். ஆனா இதுல ஒரு கோளாறு இருக்கு," என்றார். "பதிவ மூடணும்னா ரெண்டு காரணந்தான் கேக்கும். ஒண்ணு, குழந்தை பிறந்துவிட்டது. இன்னொண்ணு நான் வாயால சொல்ல மாட்டேன். 'இவர் கர்ப்பமே இல்லை'ன்னு ஒரு கட்டம் கிடையாது."

"அப்ப இந்த ஆளுகளுக்கெல்லாம் பிறந்துருச்சுன்னு போடுங்க."

"போடலாம். உங்க பேருல புதுசா தொடங்கணும். புதுசுன்னா இன்னைக்குத்தான் முதல் நாள். வாரத்த நான் தட்ட முடியாது, அதுவாவே எண்ணும்."

"எண்ணட்டும். இப்ப வலிச்சா எனக்கு எதத் தள்ளும்?"

"முதல் நாளா இருந்தாலும் கர்ப்பிணின்னா அந்த மஞ்சள் உள்ளேயே இருக்கும். பிரஷர் பாக்கும். போன் எனக்கு வரும், அத நான் பாத்துக்கிறேன்."

"அப்ப போடுங்க."

பதினோரு ஆண்களுக்கு அன்றைக்கு மதியம் சுகப்பிரசவம் ஆனது. சாயங்காலமே பதினோரு பேருக்கும் மில், பட்டறை, லாரி ஷெட் எல்லா இடத்திலிருந்தும் அழைப்பு வந்துவிட்டது, நாற்காலியைத் திரும்பக் கேட்டு. நாங்கள் பதினோரு பேரும் பிதுங்கிய வயிற்றோடு முதல் நாள் கர்ப்பிணிகளானோம்.

மூன்று வாரம் கழித்து, முப்பத்தேழாவது வாரத்தில், எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ அறுநூறு. பிறந்ததும் அழுத அழுகையில் ஆத்திரம் இருந்தது; எனக்குப் பிடித்துப்போனது. அதே பத்து நாளுக்குள் மற்ற பத்துப் பேருக்கும் பிறந்துவிட்டது. ரோஸ்லினுக்குப் பையன். சின்னவன்தான், ஆனால் மூச்சுக்குக் குறையில்லை.

வீட்டுக்கு வந்த அன்று பெட்டி என்னை "வணக்கம், முனீஸ்வரி. தாயும் சேயும் நலமா?" என்று கேட்டது. தையல் வலிக்கு, தாய்ப்பால் கொடுப்பவளுக்கு ஆகிற மாத்திரையைத் தள்ளியது. எடையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கெஞ்சாமல், யார் நெற்றியையும் கடன் வாங்காமல், என் வலிக்கு என் பெயரில் ஒரு மாத்திரை. சுவரோரம் நின்றபடி கொஞ்சம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

நாற்பது நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அடுத்த தெரு கனிமலர் ஓடிவந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம் ஆன பிள்ளை. ஒரு கையில் பை, அதில் பழைய சேலைத் துணியும் ஃபிளாஸ்க்கும் குழந்தைச் சட்டையும். ஒட்டிய வயிறு.

"அக்கா, எனக்கு நாள் தள்ளி ஒரு மாசந்தான் ஆகுது," என்றாள். "மூணு வாரத்துக்கு முந்திப் பதிஞ்சேன். இன்னைக்குப் பெட்டி, 'பதிவு செய்து இருபது நாள் ஆகிவிட்டது, பிரசவம் நெருங்குகிறது, உடனே புறப்படவும்'ங்குது. ஆம்புலன்ஸ் வேற கூப்பிட்டுருச்சு."

"அது எப்படி?"

"இந்த வட்டாரத்துல கர்ப்பம் சராசரியா மூணு வாரமாம். பதினோரு பேரப் பாத்துக் கத்துக்கிச்சாம். மில்லுக்கும் எழுதிருச்சுக்கா. இனிமே பேறுகால லீவு மொத்தமே ஒரு மாசந்தானாம், அறிவிப்புப் பலகைல ஒட்டிட்டாங்க."

தெருமுனையில் சத்தம் கேட்டது. அதே வண்டி. அதே பெண் இறங்கினாள். கனிமலரின் வயிற்றைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, பார்க்காதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் குழந்தையை வெயிலுமுத்து கையில் கொடுத்தேன். பால் எடுத்துவைத்த கிண்ணத்தைக் காட்டினேன். செருப்பை மாட்டினேன்.

"எங்க போற?" என்றார்.

"மில்லுக்கு. போற வழியில ஆஸ்பத்திரிக்கு," என்று சொல்லிவிட்டுக் கனிமலரோடு வண்டியில் ஏறினேன். "மத்த பத்துப் பேருக்கும் போன் பண்ணுங்க. பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு மில் கேட்டுக்கு வரச் சொல்லுங்க. மூணு வாரத்துல பிறந்த பிள்ளைக எப்படி இருக்கும்னு மேனேஜர் ஒரு தடவ பாக்கட்டும்."